மாசி மாச டெல்டாவும் ஒரு சாக்கு பழைய பேப்பரும்

திங்கள், கல்லணை

இது கோயில் டூர் இல்லைன்னு முதல்லயே சொல்லிடுறேன், டெல்டா பயணம்னு தலைப்பு போட்டாலே நவக்கிரக கோயிலுக்கு ரூட் கேட்டு நாலு பேர் வந்துடுவாங்க. நான் பழைய பேப்பர் பொறுக்கப் போறேன். தெரியாதவங்களுக்கு, நான் கொலாஜ் பண்றவ, பெயிண்ட் தொடுறதில்ல, ஊர்ல தூக்கிப் போட்ட பேப்பரை கிழிச்சு ஒட்டி படம் பண்றதுதான் பொழப்பு, வீட்டு வாடகை வரைக்கும் இதுலதான் ஓடுது. இப்ப திருச்சியில ஒரு டாக்டர் அவரோட கிளினிக் வெயிட்டிங் ஹாலுக்கு ஆறடிக்கு நாலடியில ஒரு படம் கேட்டிருக்காரு. "காவிரி டெல்டா பண்ணுங்கம்மா, நல்லா பச்சப்பசேல்னு இருக்கணும், நோயாளிங்க பாத்தா மனசு குளிரணும்"னாரு. அட்வான்ஸும் குடுத்துட்டாரு.

பச்சப்பசேல்தான் பிரச்சனையே. பழைய பேப்பர்ல பச்சை கிடைக்கிற கஷ்டம் இந்த வேலை பண்றவங்களுக்குத்தான் தெரியும். நோட்டீஸ், போஸ்டர், பத்திரிகை அட்டை எல்லாம் நாலே நாலு மையில அடிக்கிறது, சயான்னு ஒரு நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. பச்சைக்குன்னு தனி மை கிடையாது, நீலத்து மேல மஞ்சள் விழுந்தாத்தான் பச்சை. வெயில் பட்டா மஞ்சளும் மெஜந்தாவும் முதல்ல ஓடிடும், நீலம் மட்டும் நிக்கும், சலூன்ல மாட்டியிருக்குற பழைய போஸ்டர்ல ஹீரோ ஹீரோயின் எல்லாரும் நீலம் பாரிச்சுப் போய் நிக்குறதுக்கு காரணம் அதுதான். பத்து கிலோ பழைய பேப்பரை அலசினா செவப்பு வரும், மஞ்சள் வரும், பழுப்பு எக்கச்சக்கமா வரும், பச்சை ஒரு கைப்பிடி தேறினா பெருசு. நீயே கலர் அடிச்சுக்க வேண்டியதுதானேன்னு கேப்பாங்க. அடிச்சா அது வேற வேலை, அதை நல்லா பண்றவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. ஊர்ல கெடக்குற பேப்பர்ல என்ன கலர் இருக்கோ அதை வச்சு அந்த ஊரை பண்றதுதான் என் வேலை, அதுலதான் எனக்கு ருசியே.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி கல்லணை. படத்துக்கு ஆறுங்க பிரியுற வாக்கு மனசுல பதியணும், அதுக்குத்தான் முதல்ல இங்க. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு நாலா பிரியுது. அந்தக் கால்வாயை இங்க எல்லாரும் புது ஆறுன்னுதான் சொல்றாங்க, மேட்டூர் அணையோட சேந்து 1934ல வந்தது, தொண்ணூறு வருஷம் தாண்டியும் அது புதுசுதான், பக்கத்துல கரிகாலன் கட்டினது நிக்கும்போது வேற எப்படி சொல்லுவாங்க. மேட்டூரை வழக்கமா ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடிடுவாங்க, இது மாசி, அதனால ஆத்துல தண்ணிய விட மணல்தான் ஜாஸ்தி. பாலத்து மேல நின்னு நோட்டுல கோடு போட்டுப் பாத்தேன். ஆறு பிரியுற இடத்துல கூர்மையா வரும்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்ல, கை விரிச்ச மாதிரி தளர்வா விலகிப் போகுது. கத்திரிக்கோல் இங்க வேலைக்காவாது, கையாலதான் கிழிக்கணும்.

கல்லணைக்கு வந்துட்டு வறுத்த மீன் சாப்பிடாம போனா பாவம். மீன் நல்லா இருந்துச்சு. எண்ணெய் ஏறின பேப்பர் எதுக்கும் உதவாது, பசை நிக்காது, அதனால அதை மட்டும் பொறுக்கல.

செவ்வாய், தஞ்சாவூர்

பெரிய கோயிலை வெளிய இருந்தே ஒரு கும்பிடு போட்டுட்டு புன்னைநல்லூர் பக்கம் போனேன், தலையாட்டி பொம்மை பண்ற வீடு ஒன்னு தெரிஞ்சவங்க மூலமா ஏற்பாடு.

பொம்மை களிமண்ணுதான்னு நெறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க. அடி மட்டும்தான் களிமண், உருண்டையா கனமா இருக்கும், அந்த கனம் கீழ இருக்கறதாலதான் எப்படி சாச்சாலும் எந்திரிச்சுக்குது. மேல இருக்குற உடம்பு பூரா பேப்பர். அந்த அம்மா அச்சுல பேப்பர் ஒட்டுறதை ரொம்ப நேரம் உக்காந்து பாத்தேன். மரவள்ளி மாவு காய்ச்சின பசை, அதுல ஒரு கிள்ளு மயில்துத்தம், பூச்சி வராம இருக்க. பேப்பரை சின்னச் சின்னதா கிழிச்சு பசையில நனைச்சு ஒன்னு மேல ஒன்னு வைக்கிறாங்க. ஒரு சுத்து அச்சடிச்ச பேப்பர், அடுத்த சுத்து வெள்ளை பேப்பர். "எதுக்கும்மா மாத்தி மாத்தி?"ன்னேன். "ஒரே பேப்பரா ஒட்டினா எது வரைக்கும் ஒட்டினோம்னு தெரியாதும்மா, எங்கயாவது ஒரு எடம் விட்டுப்போயிரும், காஞ்சா அங்கதான் அமுங்கும்"னாங்க. கேட்டா இவ்ளோதானான்னு இருக்கும், ஆனா எந்த ஆர்ட் காலேஜ்லயும் எனக்கு இதை யாரும் சொல்லித் தரல. கழுத்து வளைவுக்கு வந்தப்ப பேப்பர் துண்டு விரல் நகம் அளவுக்கு சின்னதாயிடுச்சு, கன்னம் வந்ததும் திரும்ப பெருசு. எங்க வளைவு ஜாஸ்தியோ அங்க துண்டு சின்னது. கை தானா கிழிக்குது, கண்ணு டிவி சீரியல்ல இருக்கு.

நான் மைதா பசையில மயில்துத்தம் போடுறவ, பெரிய படத்துக்கு ஃபெவிகால்ல தண்ணி கலந்துக்குவேன். மரவள்ளி பசை மைதாவை விட தெளிவா காயுது, வெள்ளை படலம் நிக்கல. கால் கிலோ மாவு வாங்கிக்கிட்டேன். பேப்பருக்கு இவங்களும் பழைய பேப்பர் கடைதான், "அச்சு மை கையில ஒட்டாத பேப்பரா பாத்து குடுப்பா"ன்னு கடைக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்காங்களாம்.

மத்தியானம் தஞ்சாவூர் ஓவியம் பண்ற ஒரு பட்டறைக்கு போனேன். பலகை மேல துணி ஒட்டி, அது மேல சுக்கான் மாவும் புளியங்கொட்டை பசையும் கலந்து பூசி, கல்லு பதிச்சு, மேடு தூக்கி, அது மேல தங்க ரேக்கு ஒட்டி, அப்புறம்தான் கலரே. கணக்கு பாத்தா வரையிறதை விட ஒட்டுறது அதிகம். நான் கொலாஜ்னு சொன்னா நம்ம ஊர்லயே சில பேர் மூஞ்சிய சுளிப்பாங்க, வெளிநாட்டுச் சரக்கு, 1912ல பிக்காசோவும் பிராக்கும் பாரிஸ்ல ஆரம்பிச்சதுன்னு. அவங்க ஆரம்பிச்சதை ஆரம்பிச்சாங்க, சரி. ஆனா ஒட்டி உண்டாக்குறது இந்த ஊருக்கு புதுசுன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க.

சாயங்காலம் சரஸ்வதி மகால், மூடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி. சரபோஜி ராஜா சேத்து வச்ச ஓலைச்சுவடியும் காகிதச் சுவடியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்குற பழைய காகிதம் இன்னும் நல்லா நிக்குது, நம்ம நியூஸ் பேப்பர் ஒரு கோடையிலயே மஞ்சளாகுது. மரத்துல லிக்னின்னு ஒரு சத்து இருக்கு, மலிவான பேப்பர்ல அதை எடுக்காம விட்டுடுறாங்க, அது காத்தும் வெளிச்சமும் பட்டா பழுப்பாகும். சுவடி காகிதம் அந்தக் காலத்து துணி நார், சணல் நார் வகை, அதுல அந்த தொல்லை கம்மி. என் படத்தை வாங்குறவங்க "எத்தனை வருஷம் வரும்?"னு கேப்பாங்க, நியூஸ் பேப்பர்ல பண்ணினது மஞ்சளாகும், அதுக்கு சம்மதம்னா வாங்குங்கன்னு நேரா சொல்லிடுவேன். கால்வாசி பேர் அங்கயே கழண்டுடுவாங்க.

புதன், கும்பகோணம்

இன்னிக்குத்தான் அசல் வேலை.

பழைய பேப்பர் கடை, கடைன்னா தகர ஷெட்டு, வாசல்ல ஆள் ஒசர தராசு, உள்ள மலை மலையா கெடக்கு. ஓனருக்கு அறுபது வயசு இருக்கும். போன வருஷமே வந்திருக்கேன், அதனால "வாம்மா, கிழிக்கிற அம்மா"ன்னு கூப்பிட்டாரு, அப்படித்தான் அவருக்கு என்னை தெரியும். கணக்கு சுலபம், மூட்டையா எடுத்தா கிலோ பதினஞ்சு ரூபா, பொறுக்கி எடுத்தா முப்பது. "பொறுக்கினா எனக்கு மிச்சம் சரக்கு கலைஞ்சு போகுதுல்ல"ன்னாரு. நியாயம்தான், பேரம் பேசல.

கடையில நியூஸ் தனி, வெள்ளை தனி, கலர் தனி, அட்டை தனின்னு தரம் பிரிக்கணும், மில்லுக்கு போறப்ப கலந்திருந்தா ரேட்டை கொறச்சுடுவான். பிரிக்கிற அக்கா ஒருத்தங்க, பேப்பரை பாக்கறதே இல்ல, கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் ஒரு தேய், எந்த குவியலோ அங்க போய் விழுது. வழவழ பேப்பர் கைக்கு சில்லுன்னு இருக்குமாம், அதுல சீனாக்களி பூசியிருக்கும்ல. நோட்டு பேப்பர் சொரசொரக்கும், நியூஸ் பேப்பர் தொட்டா துணி மாதிரி கெடக்கும். பினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதன்ல இருந்த ஓவியர், 1950கள்ல பார்வை முழுசா போனப்புறம் கலர் பேப்பரை தடவித் தடவி வெட்டி ஒட்டி படம் பண்ணினாரு. அந்த அக்கா கையை பாத்துட்டு இருந்தப்ப அது எப்படி முடிஞ்சுதுன்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

நான் எடுக்கும்போது ரெண்டு சோதனை பண்ணுவேன். ஒன்னு, நீளவாக்குல ஒரு கிழி, அகலவாக்குல ஒரு கிழி. மெஷின்ல ஓடின பேப்பர்ல நார் ஒரே பக்கமா படுத்திருக்கும், அந்தப் பக்கம் கிழிச்சா ரோடு போட்ட மாதிரி நேரா போகும், குறுக்க கிழிச்சா கோணல் மாணலா போகும். ஆத்தங்கரைக்கு கோணல், வரப்புக்கு நேர். ரெண்டாவது, கலர் பக்கம் மேல இருக்க வச்சு நம்ம பக்கமா இழுத்து கிழிச்சா ஓரத்துல வெள்ளையா ஒரு விளிம்பு வரும், எதிர்ப்பக்கமா தள்ளி கிழிச்சா வெள்ளை வராது, அது கீழ ஒளிஞ்சுக்கும். தண்ணி விளிம்புல நுரை வேணும்னா அந்த வெள்ளை விளிம்புதான், தனியா ஒன்னும் ஒட்ட வேண்டாம்.

கெடச்சது என்னன்னா, கல்யாணப் பத்திரிகை கட்டு கட்டா, மூலையில மஞ்சள் தடவின எடம் மட்டும் இன்னும் மஞ்சளா, தினசரி காலண்டர் தாள், பழைய பாம்புப் பஞ்சாங்கம், பருவத்தேர்வு விடைத்தாள், நகைக்கடை கவர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். செவத்துல ஒட்டின போஸ்டரை பிச்சு எடுத்தா எட்டு பத்து போஸ்டர் ஒன்னா கெட்டியா வரும், அடுக்கை பிரிச்சா ஒரு தெருவோட ரெண்டு மூணு வருஷ சங்கதி வெளிய வரும், கோயில் திருவிழா, அதுக்கு கீழ ட்யூஷன் சென்டர், அதுக்கும் கீழ யாரோ ஒருத்தரோட பதினாறாம் நாள். போஸ்டர் விஷயத்துல எனக்கு போட்டி ஆடு மாடுங்கதான், பசைக்காக நக்கி நக்கி முழுசா தின்னுட்டு போயிடும்.

பேர், போன் நம்பர், மார்க், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் வந்தா அந்த எடத்தை கிழிச்சு அங்கயே கூழ் மூட்டையில போட்டுடுவேன், வீட்டுக்கு எடுத்துட்டு போறதில்ல. படத்துல யாரோட ரத்த சர்க்கரை அளவும் தெரிய வேண்டாம்.

பச்சை மட்டும் இல்ல. ஒரு ஊதுபத்தி அட்டை, ஒரு விதைக் கம்பெனி நோட்டீஸ், அவ்ளோதான். முந்தி மாதிரி கலர் வர்றதில்லம்மான்னாரு ஓனர். பத்திரிகை வாட்ஸப்ல போயிடுது, போஸ்டர் பாதி ஃப்ளெக்ஸ் ஆயிடுச்சு, கடை பில்லு எல்லாம் தெர்மல் பேப்பர். தெர்மல் பேப்பரை கூழுக்குக்கூட வாங்க மாட்டாங்க, அதுல மை கிடையாது, சூடு பட்டா கறுக்குற ரசாயனம் பூசியிருக்கும், ஆறு மாசத்துல எழுத்தும் போயிடும். "இன்னும் பத்து வருஷம் போனா நீங்க என்னத்தம்மா கிழிப்பீங்க?"ன்னு கேட்டாரு. அட்டைப்பெட்டிதான், வேறென்ன, ஆன்லைன்ல வாங்குற ஊர்ல அதுக்கா பஞ்சம். ஆனா அட்டைப்பெட்டில ஊர் இருக்காது. ஹரியானால இருந்து வந்த பெட்டியும் இங்க வந்த பெட்டியும் ஒரே பழுப்பு.

கெளம்பற நேரத்துல அந்த அக்கா ஒரு மஞ்சப்பையை தூக்கிட்டு வந்தாங்க. "இது ஒனக்கு ஆகுமா பாரு". உள்ள பழைய பஸ் டிக்கெட். மெஷின் வர்றதுக்கு முன்னாடி கண்டக்டர் பையில கட்டு கட்டா இருக்குமே, ஒவ்வொரு ரேட்டுக்கு ஒரு கலர், அது. யாரோ வீடு காலி பண்றப்ப போட்டிருக்காங்க. ரோஸ், வெள்ளை, இளமஞ்சள், அப்புறம் பச்சை! இலைப்பச்சை இல்ல, வெளிர் பச்சை, பிஞ்சு மாதிரி. இன்னொரு விசேஷம், இதுல பச்சையை மேல அடிக்கல, பேப்பரே பச்சை, கூழ்லயே சாயம் கலந்தது, எப்படி கிழிச்சாலும் விளிம்பு பச்சையாத்தான் வரும். ஜெர்மனியில குர்ட் ஷ்விட்டர்ஸ்னு ஒருத்தர் முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட டிராம் டிக்கெட், மிட்டாய் பேப்பர்னு தெருவுல பொறுக்கினதை ஒட்டி படம் பண்ணினாரு, இன்னிக்கு அதெல்லாம் மியூசியத்துல இருக்கு. டிக்கெட்டை பாத்ததும் எனக்கு அவரு ஞாபகம்தான். பச்சையை மட்டும் எண்ணாம எடை போட்டேன், அரை கிலோ கூட வரல. ஆறடி படத்துல ஒரு மூலைக்குத்தான் வரும்.

வியாழன், ஆடுதுறை பக்கம் சித்தி வீடு

நெல் மூட்டையில ஏடிடி 43, ஏடிடி 45னு பாத்திருப்பீங்களே, அந்த ஏடிடி இந்த ஆடுதுறைதான், இங்க இருக்குற நெல் ஆராய்ச்சி நிலையத்துல வந்த ரகங்க. சித்தப்பாவுக்கு மூணு மா நெலம், அதாவது சுமாரா ஒரு ஏக்கர், சம்பா அறுத்து முடிச்சாச்சு. பஸ்ல இருந்து எறங்கினதும் எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஒன்னு உறைச்சுது, இங்க பச்சையே இல்ல. கண்ணுக்கு எட்டுன தூரம் தாளடி, அறுத்த நெல்லோட அடிக்கட்டை, மஞ்சளா கெடக்கு, நடுநடுவுல மிஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் உருளை, கேரளா போற லாரி ஏத்திக்கிட்டு நிக்குது. நம்ம மனசுல இருக்குற டெல்டா ஐப்பசி கார்த்திகை டெல்டா, காலண்டர் படத்துல வர்றது. மாசியில வந்து பாத்தா ஊரே பழைய நியூஸ் பேப்பர் கலர்தான். நான் ஒரு கைப்பிடி பச்சைக்கு அலைஞ்சுட்டு இருக்கேன், என் சாக்குல ஏழெட்டு கிலோ வயக்காடு ஏற்கனவே கெடக்குது!

"என்னக்கா, வயலை பாத்துட்டு சிரிக்கிற?"ன்னான் சித்தி பையன். சொன்னேன். "அப்ப டாக்டர்கிட்ட மஞ்சள்னு சொல்லிடு, மஞ்சளும் நல்லாத்தானே இருக்கு"ன்னுட்டு டிவிஎஸ்ஸை கெளப்பிட்டு போயிட்டான்.

சாயங்காலம் கொல்லையில வைக்கோல் பேப்பர் போட்டேன், ரொம்ப நாள் ஆசை. வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, பழைய அலுமினிய அண்டாவுல வேண்டாம்னு சித்தி கத்தினதால எவர்சில்வர் குண்டான்ல, சலவை சோடா போட்டு விறகடுப்புல மூணு மணி நேரம் வேக வச்சது. அலுமினியத்தை சோடா அரிச்சுடும், சித்தி கத்தினது அதுக்கில்ல, அண்டா அவங்க அம்மா வீட்டு சீர். வேகும்போது வர்ற வாசனையை சொல்ல முடியாது, பக்கத்து வீட்டு பாட்டி வேலி மேல எட்டிப் பாத்து "மாட்டுக்கு என்னடி காச்சுற?"ன்னு கேட்டுச்சு. வெந்ததும் டீ டிகாஷன் மாதிரி கறுப்பா ஒரு தண்ணி இறங்கும். அதை கொண்டு போய் ஊத்த திரும்பினேன், சித்தப்பா விட்டாரே, "வாய்க்கால்ல மட்டும் ஊத்தாத கண்ணு, எருக்குழியில ஊத்து." பெரிய மில்லுலயும் இந்த கறுப்பு தண்ணிதான் தலைவலி, வைக்கோல்ல மணல் சத்து, சிலிக்கா, நெறைய இருக்கறதால அந்த தண்ணியில இருந்து சோடாவை திரும்ப எடுக்கறதும் கஷ்டமாகுது. கரூர் பக்கம் புகளூர்ல இருக்குற டிஎன்பிஎல் மில்லுல கரும்புச் சக்கையில பேப்பர் பண்றாங்க, வைக்கோலை விட அது மில்லுக்கு தோதான சரக்கு.

நாலஞ்சு தண்ணி அலசி, மிக்ஸியில அடிச்சு, கூட பாதிக்கு பாதி பழைய நோட்டு பேப்பர் கூழ். வெறும் பழைய பேப்பர் கூழ்ல போட்டா தாள் பொலபொலன்னு இருக்கும், ஒவ்வொரு தடவை கூழாகும்போதும் நார் குட்டையாகிட்டே வரும், அஞ்சாறு தடவைக்கு மேல தாங்காது, புது நார் கலந்தாத்தான் பிடிமானம். கொசுவலை அடிச்ச மரச்சட்டத்தை தொட்டியில சாய்ச்சு இறக்கி, மட்டமா தூக்கி, ஒரு ஆட்டு ஆட்டி தண்ணி வடிய விட்டு, நனைச்ச பழைய வேட்டி மேல கவுத்து, பின்னாடி ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்தா தாள் வேட்டியில நிக்கும். அந்த ஒரு ஆட்டுதான் சூட்சுமம், அப்பத்தான் நார் ஒன்னோட ஒன்னு பின்னிக்கும். முதல் ரெண்டு தாள் கிழிஞ்சுச்சு, அப்புறம் கை பழகிடுச்சு.

வெள்ளி, அங்கயே

தாள் காயுது. காலையில ஒம்பது மணி வரைக்கும் பனி, இங்க எல்லாமே மெதுவாத்தான் காயும். கொடியில போட்டிருந்ததுல நாலு தாளை ஆடு தின்னுடுச்சு, வைக்கோல்தானே, அதோட நியாயம் அதுக்கு.

சும்மா இருக்குற நேரத்துல ஒரு புலம்பல். இந்த தொழில்ல நான் அதிகமா கேட்ட கேள்வி, "மெட்டீரியல் ஃப்ரீதானே மேடம், ஏன் இவ்ளோ விலை?" ஒரு ஹோட்டல்காரங்க லாபிக்கு மூணு படம் வாங்கிட்டு பாதி பணத்தை இன்னும் இழுத்தடிக்கிறாங்க, போன் பண்ணினா மேனேஜர் இதையேதான் சொல்றாரு, "குப்பை பேப்பர்தானேங்க". பேப்பர் முப்பது ரூபா கிலோ, ஒத்துக்குறேன். அதை பொறுக்க ஒரு நாள், பின்னு, ஸ்டேப்ளர், செல்லோடேப் பிரிக்க ஒரு நாள், வெயில்ல போட்டு ராமபாணப் பூச்சியை ஓட்ட ரெண்டு நாள், கலர்வாரியா அடுக்க ஒரு வாரம். அப்புறம் பலகை. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா பசை காயும்போது இழுத்து பலகை வளைஞ்சுடும், அதனால யாரும் பாக்காத பின்பக்கமும் அதே அளவு பேப்பர் ஒட்டணும், அதாவது ஒரு படத்துக்கு ரெண்டு படம் வேலை. கண்ணாடியும் ஃப்ரேமும் தனி, அது என் கூலியை விட ஜாஸ்தி வரும் சில சமயம். ஃப்ரேம்காரர்கிட்ட மட்டும் யாரும் மரம் காட்டுல ஃப்ரீதானேன்னு கேக்கறதில்ல.

படம் வித்து மட்டும் ஓடாது, பள்ளிக்கூடத்துல வொர்க்‌ஷாப் எடுக்குறேன், தீபாவளி பொங்கலுக்கு வாழ்த்து அட்டை, கல்யாண ஆல்பம் அட்டைகூட பண்ணியிருக்கேன். போதும், புலம்பல் முடிஞ்சுது, சித்தி கூப்பிடுறாங்க, உளுந்து வயலை பாக்க போகணுமாம்.

சனி, தரங்கம்பாடி, பொறையாறு

மயிலாடுதுறை வரைக்கும் ஒரு பஸ், அங்கேருந்து இன்னொன்னு. தரங்கம்பாடியில எல்லாரும் டேனிஷ் கோட்டை பாக்கத்தான் வர்றாங்க, 1620ல கட்டினது, கடல் காத்துல மஞ்சள் செவரு நல்லாத்தான் இருக்கு, போட்டோ எடுக்க க்யூ. எனக்கு இங்க வேற வேலை.

சீகன்பால்கு, ஜெர்மன் பாதிரியார், 1706ல இங்க வந்து எறங்கினவரு. அச்சு மெஷின் 1712ல கப்பல்ல வந்துச்சு, தமிழ் எழுத்து ஜெர்மனியில ஹாலே ஊர்ல வார்த்து அனுப்பினாங்க. அந்த எழுத்து ரொம்ப பெருசு, ஒரு பக்கத்துல கொஞ்ச வரிதான் கொள்ளும், பேப்பரோ கப்பல்ல வரணும், கட்டுபடியாகல. அதனால சின்ன எழுத்தை இங்கயே வார்த்தாங்க, பைபிளோட புதிய ஏற்பாடு தமிழ்ல 1715ல அச்சாகி முடிஞ்சுது. அப்பவும் பேப்பர் பத்தல, அதுக்காக பக்கத்துல பொறையாறுல ஒரு காகித ஆலையே போட்டாங்க. எனக்கு இந்த கதையில புடிச்சது என்னன்னா, அந்தக் காலத்துல ஐரோப்பாக்காரன் பேப்பர்னா மரக்கூழ் கிடையாது, அது வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆகும், கிழிஞ்ச துணியைத்தான் ஊற வச்சு இடிச்சு பேப்பர் பண்ணுவான். அவன் அச்சடிச்ச வேதமெல்லாம் யாரோ கட்டிக் கிழிச்ச துணியிலதான். ரீசைக்கிள்னு பேர் வைக்காம பண்ணினாங்க, அவ்ளோதான்.

பொறையாறு கடைத்தெருவுல டீ குடிச்சுட்டே கேட்டேன், "அண்ணே, இங்க ஒரு காலத்துல பேப்பர் மில் இருந்துச்சாமே, எந்தப் பக்கம்ணே?" டீ மாஸ்டர் ரொம்ப அக்கறையா யோசிச்சாரு. "பேப்பர் மில்லா? அதுக்கு நீங்க கரூருக்கு போகணும்மா, தப்பா எறங்கிட்டீங்க"ன்னு சொல்லி, பஸ் டைமையும் சொன்னாரு. பக்கத்துல நின்னவரு "இல்லண்ணே, நாகப்பட்டினம் வழியா போனா சுத்து, கும்பகோணமே போய்டச் சொல்லு"ன்னாரு. நான் முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த மில்லுன்னு வாய தொறக்கறதுக்குள்ள மூணாவது ஆள் போன்ல ரூட் மேப்பே போட்டுட்டாரு. டீ நல்ல டீ.

அந்த கடை செவத்துல இருந்து பாதி உரிஞ்ச ஒரு மீன்பிடி வலை கம்பெனி போஸ்டரை கேட்டு வாங்கிக்கிட்டேன். உப்புக் காத்துல மஞ்சள் பூரா போயி, கடல்நீலம் மட்டும் நிக்குது. படத்துல கிழக்கு ஓரம் இதுதான்.

ஞாயிறு, திருச்சிக்கு ட்ரெயின்

கும்பகோணத்துல சீட் கெடச்சுது, சாக்குக்கும் எடம் கெடச்சுது. எதிர்ல உக்காந்திருந்த ஒருத்தரு "வெத்தலையா?"ன்னு கேட்டாரு, இந்த ரூட்டுல சாக்குன்னா வெத்தலைதான். பழைய பேப்பர்னதும் கொஞ்சம் தள்ளி உக்காந்துட்டாரு.

பாபநாசம் தாண்டினதும் டாக்டருக்கு போன் போட்டேன், சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். "சார், நான் பாத்த டெல்டா இப்ப பச்சையா இல்ல, அறுப்பு முடிஞ்ச டெல்டா, வைக்கோல் கலர். அதைத்தான் பண்ணப் போறேன், நடுவுல நானே போட்ட வைக்கோல் பேப்பர் வரும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, டவர் போயிடுச்சுன்னு நெனச்சேன்.

"நான் பேராவூரணிம்மா"ன்னாரு. எனக்கு அது தெரியாது. "அறுத்த வயல்லதான் நாங்க கிரிக்கெட் ஆடுவோம். தாளு கால்ல குத்தும்." அப்புறம் உடனே டாக்டர் குரலுக்கு மாறிட்டாரு, "ஆனா பேஷண்ட்ஸ் பாக்குற எடம், காய்ஞ்சு போன மாதிரி இருக்கக்கூடாது, கொஞ்சமாவது பச்சை வேணும்."

அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை பாத்த உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நெல்லு நிக்கும்போதே ஈரத்துல உளுந்தை வெதச்சு விட்டுடுவாங்க, நெல்லை அறுத்தப்புறம் தாளுக்கு நடுவுல அது பாட்டுக்கு வரும், தனியா தண்ணி பாய்ச்சுறதில்ல, பனியே போதும். சித்தப்பா வயல்ல ரெண்டு இலை விட்டிருந்துச்சு, மஞ்சளுக்கு நடுவுல புள்ளி புள்ளியா வெளிர் பச்சை. டிக்கெட் பச்சையை பக்கத்துல வச்சுப் பாத்தேன், கிட்டத்தட்ட அதே கலர்தான். அரை கிலோ டிக்கெட்டு புள்ளி வைக்க தாராளம்.

"உளுந்து போட்டுடுறேன் சார்"னேன்.

"போடுங்க, போடுங்க. விலை அதேதானே? பச்சை கொறஞ்சிடுச்சுல்ல"ன்னு சிரிச்சாரு. அதே விலைதான் சார்னு சொல்லி வச்சுட்டேன்.

நாளைக்கு ப்ளைவுட் கடை. சாக்கை மொட்டை மாடியில கொட்டி காய வைக்கணும், மழை வராம இருக்கணும், மாடி வீட்டுக்காரங்க எதுவும் சொல்லாம இருக்கணும். ஒட்ட ஆரம்பிச்சதும் போட்டோ போடுறேன்.